வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களும் பண விவரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர்கள், மாணவர் ஆலோசனைப் பிரிவில் இருப்பவர்கள், விடுதிக் காப்பாளர்கள், ஜூனியர்களுக்குக் கைகொடுக்க நினைக்கும் சீனியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மாணவர்களும் தாராளமாகப் படிக்கலாம், ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை. எடுத்துக்காட்டுக் கணக்குகளில் வரும் எண்களுக்கு உங்கள் நாட்டு நாணயம் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தலைமுறை மாணவர் என்று யாரைச் சொல்கிறோம்?

நாட்டுக்கு நாடு வரையறை மாறும். அமெரிக்காவின் உயர்கல்விச் சட்டப்படி, பெற்றோர் இருவருமே இளநிலைப் பட்டம் முடிக்காத வீட்டுப் பிள்ளை. வேறு சில இடங்களில் அண்ணனோ அக்காவோ முன்பே பட்டம் வாங்கியிருந்தால் தம்பி தங்கைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

நம் வேலைக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். ஃபீஸ் ரசீதில் ஒரு வரி புரியவில்லை என்றால் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்க ஆள் இருக்கிறதா? இல்லை என்றால் அவருக்கு நம் உதவி வேண்டும். வருமானமும் குறைவு என்றால் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஒருமுறை சறுக்கினால் தாங்கிப் பிடிக்க வீட்டில் பணம் இருக்காது.

இவர்களுக்குப் பணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது சரிதானா?

சரியில்லை. இந்த வேலையில் முதலில் விட்டொழிக்க வேண்டிய நினைப்பே அதுதான்.

மாதக் கடைசியில் வீட்டை ஓட்டுவது எப்படி, யாரிடம் கைமாற்று கேட்கலாம், எந்தக் கடனை முதலில் அடைத்தால் அடுத்த முறை கதவு திறக்கும் என்பதெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். சில்லறைக் கணக்கில் நம்மில் பலரைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களை உட்காரவைத்து ‘ஆசை வேறு, தேவை வேறு’ என்று பாடம் எடுத்தால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

அப்புறம், தெரியாமை என்பது இவர்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. அன்னமாரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் எளிதான மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று வட்டியைப் பற்றி, ஒன்று விலைவாசி உயர்வைப் பற்றி, ஒன்று எல்லாப் பணத்தையும் ஒரே நிறுவனப் பங்கில் போடுவதைப் பற்றி. 2004-ல் ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்கர்களிடம் கேட்டபோது மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். வீடு வாங்கி, வரி கட்டி, ஓய்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் எதுதான் தெரியாமல் போகிறது?

நிறுவனங்களின் பழக்கவழக்கம். கல்லூரி, வங்கி, உதவித்தொகை அலுவலகம், கடன் கொடுக்கும் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி உண்டு, ஒரு காலெண்டர் உண்டு. கடைசித் தேதி என்றால் உண்மையிலேயே கடைசியா, அபராதத்தோடு இன்னும் பத்து நாள் இருக்கிறதா? கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா? ஒரு பாடத்தை நடுவில் கைவிட்டால் உதவித்தொகை குறையுமா? கட்டண விலக்குக்கு மனு கொடுத்தால் ஏதாவது கெட்ட பெயர் வருமா?

படித்த வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். “போய்க் கேளு, தவணை கொடுப்பாங்க” என்று அப்பா சொல்லிவிடுவார். முதல் ஆளாக வந்தவர் பலகையில் எழுதியிருப்பதை அப்படியே சட்டம் என்று எடுத்துக்கொள்வார். கேட்டால் கிடைக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் பயிலரங்கு வைத்தால் போதாதா?

வைக்கலாம். ஆனால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

2014-ல் ஃபெர்னாண்டஸ், லின்ச், நெட்மேயர் மூவரும் அதுவரை வந்த 168 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடுகளில் நிதிக் கல்வியால் விளக்க முடிந்தது வெறும் 0.1 சதவீதம். குறைந்த வருமானக்காரர்களிடம் பலன் இன்னும் குறைவு. பல மணி நேரம் நடத்திய வகுப்புகளின் பலனும் 20 மாதங்களுக்குள் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. முடிவெடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லித்தருவதே மேல் என்று அவர்கள் முடித்தார்கள்.

இதற்கு மறுப்பும் வந்தது. 2022-ல் கைசர், லுசார்டி, மென்காஃப், அர்பன் ஆகியோர் 33 நாடுகளில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய 76 சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அறிவிலும் நடத்தையிலும் சராசரியாக நல்ல பலன் இருக்கிறது, அவ்வளவு சீக்கிரம் கரைந்துபோவதாகவும் தெரியவில்லை என்று காட்டினார்கள். நான் பின்னதை நம்பும் பக்கம்தான். ஆனாலும் முதல் கட்டுரையின் அறிவுரையை விடமாட்டேன். செப்டம்பரில் கேட்ட வட்டிக் கணக்கு மார்ச்சில் கடன் படிவம் கைக்கு வரும்போது ஞாபகம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

சரி, எதை எப்போது சொல்வது?

சேர்க்கை வாரத்தில் மூன்றே விஷயம் போதும். வங்கிக் கணக்கு, ரசீதுகளைப் பத்திரமாக வைப்பது, சந்தேகம் வந்தால் எந்த அறைக்கு வந்து யாரைக் கேட்பது. அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் ஏறாது.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் படிவம், சான்றிதழ்கள், கடைசித் தேதி. பணம் கணக்கில் வந்த அன்று, அதாவது ஒரு பெரிய தொகையை முதன்முதலாகத் திரையில் பார்க்கும் அன்று, அதைப் பருவத்தின் மாதங்களுக்குப் பிரித்துவைப்பது. இரண்டாம் ஆண்டில் கிரெடிட் கார்டும் உடனடிக் கடன் செயலியும் தேடி வரும், அப்போது வட்டி. இறுதியாண்டில் கல்விக்கடன் திருப்பிக் கட்டுவது, முதல் சம்பளச் சீட்டில் உள்ள பிடித்தங்கள், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை.

இந்த வரிசையில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. உதவித்தொகை வரும், ஆனால் கட்டணத் தேதிக்கு வராது. நடுவில் உள்ள அந்த ஆறு வாரமோ எட்டு வாரமோதான் அநியாய வட்டிக் கடன் முளைக்கும் காலம். தொகை உறுதியான மாணவருக்கு அது வரும்வரை கட்டணத்தைத் தள்ளிவைக்கக் கல்லூரி நிர்வாகம் சம்மதித்தால், பத்து வகுப்பு எடுத்ததைவிட அதிகப் பலன்.

விவரத்தைச் சொல்லிவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்ளமாட்டார்களா? படிவத்தையும் நாமா நிரப்ப வேண்டும்?

பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். இதற்கு அருமையான சான்று இருக்கிறது.

அமெரிக்காவில் வரி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் எச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனத்தின் அலுவலகங்களில் பெட்டிங்கர், லாங், ஓரியோபோலஸ், சன்பான்மட்சு என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். குறைந்த வருமானக் குடும்பங்கள் வரி வேலைக்காக வந்திருந்தன. ஒரு பிரிவினருக்கு, வரிப் படிவத்தில் ஏற்கெனவே இருந்த விவரங்களைக் கொண்டே கல்லூரி நிதியுதவி விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். சில நிமிட வேலை. இன்னொரு பிரிவினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற மதிப்பீட்டை மட்டும் சொல்லி, விண்ணப்பிக்குமாறு ஊக்கப்படுத்தி அனுப்பினார்கள். 2012-ல் வந்த முடிவு: படிவம் நிரப்பித் தரப்பட்ட வீடுகளில், பள்ளி இறுதியாண்டில் இருந்த பிள்ளைகளில் அடுத்த மூன்றாண்டுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளை முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். விவரம் மட்டும் கேட்டுப்போனவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

“ஊட்டிவிட்டால் எப்போது தானாகச் சாப்பிடுவார்கள்?” என்று ஒரு பேராசிரியர் கேட்டார். முதல் முறை நாம் படிக்க மாணவர் எழுதட்டும், இரண்டாம் முறை அவர் படிக்க நாம் பார்ப்போம், மூன்றாம் முறை ஜூனியருக்கு அவரே நிரப்பித் தருவார். அவ்வளவுதான்.

உதவித்தொகைக் கடிதத்தைப் படிக்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

கட்டாயம். ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம்.

கல்விக் கட்டணம் 80,000, விடுதி 40,000. ஆகமொத்தம் 1,20,000. கீழே ‘உங்களுக்கான உதவிகள்’ என்ற தலைப்பு. திறன் உதவித்தொகை 50,000. கல்வி ஆதரவு நிதி 40,000. வளாகப் பணித் திட்டம் 15,000. கடைசி வரி தடித்த எழுத்தில்: நீங்கள் செலுத்த வேண்டியது 15,000.

வீட்டில் எல்லோரும் அந்தக் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். பரவாயில்லையே, 15,000 தானே, புரட்டிவிடலாம். ஆனால் ‘கல்வி ஆதரவு நிதி’ கடன். அடியில் ஒரு சின்னக் குறிப்பில் வட்டி விகிதம் இருக்கும். ‘வளாகப் பணி’ என்பது வேலை செய்தால் மாதாமாதம் கையில் வரப்போகும் கூலி, கட்டணம் கட்டும் நாளில் அது இருக்காது. இலவசமாகக் கிடைப்பது 50,000 மட்டும். மீதி 70,000 இந்தக் குடும்பத்தின் தலையில்தான், இன்றைக்கோ நாளைக்கோ. புத்தகம், போக்குவரத்து, தேர்வுக் கட்டணம் எதுவும் கடிதத்தில் வரவே இல்லை.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்காதீர்கள். நியூ அமெரிக்கா, யூஆஸ்பயர் என்ற இரண்டு அமைப்புகள் 2018-ல் அமெரிக்கக் கல்லூரிகளின் கடிதங்களை ஆராய்ந்தபோது, ஒரே அரசுக் கடனுக்கு 136 விதமான பெயர்கள் இருந்தன. அதில் 24 பெயர்களில் ‘கடன்’ என்ற சொல்லே கிடையாது. நான்கு ஆண்டுகள் கழித்து அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமும் பார்த்தது. மாணவர் உண்மையில் கட்ட வேண்டிய நிகரத் தொகையைச் சொல்லாமலோ குறைத்துச் சொல்லியோ கடிதம் அனுப்பும் கல்லூரிகள் சுமார் 91 சதவீதம் என்று மதிப்பிட்டது. இவ்வளவுக்கும் பிறகு மாணவருக்குத்தான் நிதி அறிவு போதவில்லை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

கையில் இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டாதது ஒரு நிறம், திருப்பித் தர வேண்டியது அல்லது உழைத்துப் பெற வேண்டியது இன்னொரு நிறம். மாணவரையே கோடு போடச் சொல்லுங்கள்.

“கடனே வாங்காதே” என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்வது?

அந்தப் பயத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். கடனால் வீடு போனதைப் பார்த்தவர்கள் சொன்ன வார்த்தை அது. அதே சமயம், குறைந்த வட்டியில் முறையாகக் கிடைக்கும் கல்விக்கடனைப் பயந்து விட்டவர், நடுப்பருவத்தில் பணம் முடை வந்தபோது அதைவிடப் பல மடங்கு வட்டிக்குத் தெரிந்தவரிடம் வாங்குவது அடிக்கடி நடக்கிறது. கடனில்லாமல் இருக்க நினைத்ததால் வந்த கடன்.

எல்லாக் கல்விக்கடனும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1989-ல் தொடங்கிய முறையில், படித்து முடித்தவரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான் வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள், வேலை இல்லாத காலத்தில் தவணை கிடையாது. அமெரிக்காவில் தேவை அடிப்படையில் இளநிலை மாணவர்களுக்குத் தரும் ஒரு வகைக் கடனில் படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும். வேறு பல கடன்களில் முதல் நாளே வட்டி ஓடத் தொடங்கிவிடும். முதலாண்டில் 1,00,000 வாங்கி, 10 சதவீத வட்டி ஆண்டுதோறும் அசலோடு சேர்ந்தால், நான்கு ஆண்டு முடிவில் நிற்பது 1,46,410. தவணை இன்னும் தொடங்கவே இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: வட்டி எப்போது ஓடத் தொடங்கும், படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்ட முடியுமா, வேலை கிடைக்காவிட்டால் என்ன, யார் ஜாமீன்? ஜாமீன் கையெழுத்துப் போடும் மாமாவுக்கும் அவர் எதில் மாட்டுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வட்டியை எப்படிப் புரியவைப்பது? கணக்கு என்றாலே ஓடுகிறார்களே.

சூத்திரத்தை விடுங்கள், கரும்பலகையில் ஒரே ஒரு கடனை மாதம் மாதமாகப் போட்டுக்காட்டுங்கள். நான் வழக்கமாகப் போடுவது இது.

கடன் 12,000. ‘12 சதவீத நிலை வட்டி, ஓராண்டு.’ வட்டி 1,440. மாதத் தவணை 1,120. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இப்போது மாதாமாதம் அசலில் 1,000 திரும்பிப் போகிறது இல்லையா? முதல் மாதம் மாணவர் கையில் இருக்கும் கடன் 12,000, இரண்டாம் மாதம் 11,000, கடைசி மாதம் வெறும் 1,000. சராசரி பார்த்தால் 6,500. ஆனால் வட்டியோ பன்னிரண்டு மாதமும் முழு 12,000-க்கு. கையில் இல்லாத பணத்துக்கும் வட்டி! ஒழுங்காகக் குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அந்த 12 சதவீதம் 21 சதவீதத்துக்கும் மேலே போய்விடும். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும், யாராவது ஒருவர் தன் போன் தவணைச் சீட்டை எடுப்பார். அதுதான் பாடம் தொடங்கும் நேரம்.

அடுத்தது கிரெடிட் கார்டு. நிலுவை 10,000, மாத வட்டி 3 சதவீதம், ‘குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டினால் போதும்.’ முதல் மாதம் வட்டியோடு 10,300. அதில் 5 சதவீதம், 515 கட்டியாகிவிட்டது. மீதி 9,785. 515 கட்டி 215 தான் குறைந்திருக்கிறது. இப்படியே ஓராண்டு ஓட்டினால், புதிதாக ஒரு பைசாகூடச் செலவழிக்காமல், சுமார் 5,500 கட்டியிருப்பார். கடன் இன்னும் 7,700 நிற்கும்.

வேகமாக மனக்கணக்குப் போட 72 விதி உண்டு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று தோராயமாகத் தெரியும். 8 சதவீதமானால் 9 ஆண்டு, 24 சதவீதமானால் 3 ஆண்டு. சேமிப்புக்கும் அதே விதி, கடனுக்கும் அதே விதி.

உதவித்தொகையிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். தடுக்கலாமா?

தடுக்க நமக்கு உரிமை இல்லை. தங்கையின் பள்ளிக் கட்டணத்தையும் அம்மாவின் மருந்தையும் விட்டுவிட்டுத் தன் பாட்டைப் பார் என்று சொல்கிற பட்ஜெட் எந்த வீட்டிலும் எடுபடாது.

நான் செய்வது, வீட்டுக்கு அனுப்புவதையும் ஒரு செலவுத் தலைப்பாக வெளிப்படையாக எழுதவைப்பது. கட்டணம், சாப்பாடு, போக்குவரத்து, வீடு. எழுதியபின் மாணவரே பார்ப்பார்: பணம் வந்த மாதம் வீட்டுக்கு நிறையப் போகிறது, நான்காம் மாதம் சாப்பாட்டுக்கே கடன். அதே தொகையைப் பிரித்து மாதாமாதம் கொஞ்சம் அனுப்பினால் வீட்டுக்கும் நல்லது, இவருக்கும் நல்லது. எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்யட்டும். “இந்த மாதம் முடியாது, அடுத்த மாதம் தரேன்” என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்பதையும் பேசிப் பாருங்கள். பட்ஜெட்டைவிட அதுதான் கஷ்டம்.

பட்ஜெட் போட எந்தச் செயலி நல்லது?

நோட்டுப் புத்தகம். போனில் வேண்டும் என்றால் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் குறுஞ்செய்தி. தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் எந்தப் பணச் செயலியும் வேண்டாம். கடன் செயலிகள் அப்படி எடுத்த தொடர்புகளை வைத்துத்தான் உறவினருக்கெல்லாம் போன் செய்து மானத்தை வாங்குகின்றன.

கேட்கவே வெட்கப்படுகிறார்கள். அறைக்கு வரவே மாட்டேன் என்கிறார்கள்.

வாசலில் ‘ஏழை மாணவர் நிதி ஆலோசனை மையம்’ என்று பலகை மாட்டினால் யார் வருவார்கள்? பலகையை எடுங்கள். எல்லா மாணவர்களுக்கும் உரியதாக வையுங்கள். கட்டண ரசீது வாங்க எல்லோரும் வரும் இடத்திலேயே ஒரு மேசை போட்டால் இன்னும் நல்லது. “உனக்குப் பணக் கஷ்டமா?” என்று கேட்காதீர்கள். “இந்தப் பருவம் கட்டணம் எப்படிக் கட்டப்போகிறாய்?” என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்.

சொல்லித்தருபவர் யார் என்பதும் முக்கியம். வங்கி அதிகாரியைக் கூப்பிட்டால் பாதி நேரம் அவருடைய கார்டு விளம்பரமாகப் போய்விடும். அதே விடுதியில் இருக்கும் மூன்றாமாண்டு அக்காவோ அண்ணனோ தன் பழைய ரசீதுகளோடு வந்து உட்கார்ந்தால் கூட்டம் கலையாது. அந்தச் சீனியருக்குச் சம்பளம் கொடுங்கள். அவருக்கும் பணம் தேவைதான், சேவை என்ற பெயரில் அவர் நேரத்தைச் சும்மா வாங்குவது நம் பாடத்துக்கே முரண்.

மோசடிகளில் எதை முதலில் சொல்ல வேண்டும்?

“உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, வரும் பணத்தில் உனக்குக் கமிஷன்.” இதைத்தான். மாணவர்களைக் குறிவைத்து உலகம் முழுக்க நடக்கிறது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் தொடர்ந்து எச்சரித்துவருகிறது. பணம் வேறு எங்கோ திருடியது, அது உங்கள் கணக்கு வழியாகக் கடந்துபோகிறது. ஏ.டி.எம். அட்டையைக் கொடுத்துவிட்டுக் கமிஷன் வாங்கியவர்தான் முதலில் பிடிபடுவார். கணக்கு முடங்கும், வழக்கு வரும், அந்தக் கணக்குக்கு வரவேண்டிய உதவித்தொகையும் நிற்கும்.

அடுத்தது, உதவித்தொகை வாங்கித்தர முன்பணம் கேட்பவர், வேலை கொடுக்க ‘பயிற்சிக் கட்டணம்’ கேட்பவர். பணம் தருகிறேன் என்பவர் ஏன் பணம் கேட்கிறார் என்ற ஒரு கேள்வி போதும்.

பங்குச் சந்தை, முதலீடு பற்றிப் பேசலாமா? நிறையப் பேர் கேட்கிறார்கள்.

கேட்பார்கள், ஏனென்றால் போனைத் திறந்தால் அதுதான் வருகிறது. மறுத்தால் ரகசியமாகச் செய்வார்கள், அதனால் பேசுங்கள். இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எதிர்கால, ஆப்ஷன் வணிகத்தில், அதாவது பங்கு விலை இனி ஏறுமா இறங்குமா என்பதை வைத்துப் போடும் ஒப்பந்தங்களில், இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருந்தார்கள். எதிர்முனையில் இருந்தவர்கள் கணினி வைத்து வணிகம் செய்யும் பெரிய நிறுவனங்கள். இந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, இரண்டு மாதச் செலவுக்கு அவசரப் பணம் சேருங்கள், வட்டி அதிகமான கடனை அடையுங்கள், பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்பலாம். மாதம் 3 சதவீத வட்டியுள்ள கடனை அடைப்பதற்கு இணையான வருமானத்தை எந்த முதலீடும் உத்தரவாதமாகத் தராது.

பணமே இல்லாதவருக்கு நிதி அறிவால் என்ன பயன்?

நியாயமான கேள்வி. பதில்: ஓரளவுக்குத்தான்.

2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்றில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அதே ஆள்தான், ஆனால் கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய நாட்களில் யோசனைத் திறன் சோதனைகளில் மதிப்பெண் குறைந்தது, பணம் வந்தபின் உயர்ந்தது. பற்றாக்குறையே மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்றார்கள். கட்டணம் கட்ட வழியில்லாமல் தூங்காத மாணவருக்குக் கூட்டுவட்டி ஏறாததற்கு அவர் குணம் காரணம் இல்லை.

ஆகவே கையில் கொஞ்சம் அவசர நிதி இல்லாமல் நிதிக் கல்வித் திட்டம் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. அமெரிக்காவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011-ல் ஒன்று தொடங்கியது. சின்னக் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட இருக்கும் மாணவர்களை, குறிப்பாகப் பட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டவர்களை, பல்கலைக்கழகமே பட்டியலில் தேடிக் கண்டுபிடித்து அந்தப் பாக்கியைக் கட்டிவிடுகிறது. மாணவர் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பணத்தோடு ஆலோசனையும் சேர்த்தே கிடைக்கிறது. மாணவர் கவனிக்கும் ஆலோசனை அப்படிப்பட்டதுதான்.

பகுதிநேர வேலை பார்க்கச் சொல்லலாமா?

பலர் ஏற்கெனவே பார்க்கிறார்கள். வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டுகிறதா என்று மட்டும் கேளுங்கள். அங்கிருந்துதான் வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் அடிவாங்கத் தொடங்கும். ஒரு பாடத்தில் தவறினால் மறுதேர்வுக் கட்டணம், சில இடங்களில் உதவித்தொகையே போகும். அந்த இழப்பையும் கூலியோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

நாம் செய்வதில் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வகுப்பு முடிந்ததும் ‘இன்று பயனுள்ளதாக இருந்ததா?’ என்று தாள் கொடுத்தால் எல்லோரும் ஆம் என்றுதான் எழுதுவார்கள், எழுதிவிட்டுச் சிற்றுண்டிக்குப் போவார்கள். அதை நம்பி அறிக்கை எழுத வேண்டாம்.

கல்லூரி அலுவலகத்திலேயே எண்கள் இருக்கின்றன. தகுதியிருந்தும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதவர்கள் எத்தனை பேர், விண்ணப்பம் குறைபாட்டால் திரும்பியது எத்தனை, அபராதத்தோடு கட்டணம் கட்டியவர் எத்தனை, பாக்கியால் தேர்வு நுழைவுச்சீட்டு நிறுத்தப்பட்டவர் எத்தனை, பருவ நடுவில் நின்றுபோனவர் எத்தனை. சென்ற ஆண்டு எண்ணை முதலில் வாங்கி வையுங்கள், பிறகு தொடங்குங்கள். திரும்பிய விண்ணப்பங்கள் எந்தச் சான்றிதழில் மாட்டின என்றும் பாருங்கள். பெரும்பாலும் ஒரே சான்றிதழாக இருக்கும். அடுத்த ஆண்டு அந்த ஒன்றைச் சேர்க்கை நாளன்றே வாங்கிவிட ஏற்பாடு செய்துவிடலாம்.